மோந்து பார்த்த ரோஜா

கேஸ் வெடித்தால் தெருவே அதிரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. யாரோ ஈரச் சாக்கைத் தரையில் ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் குளியலறையில் முகத்தில் சோப்போடு நின்றிருந்தேன். ஓடி வந்து பார்த்தபோது சமையலறை ஜன்னல் கண்ணாடி பின்பக்கச் சாக்கடையில் கிடந்தது. என் மனைவி அடுப்புக்கு எதிரே, கையில் லைட்டரோடு, ஏதோ யோசிக்கிறவள்போல நின்றாள். புருவம் இரண்டும் இல்லை. வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி, வெந்த தக்காளித் தோல் மாதிரி வழிந்தது.

“லைட்டர் தட்டுனேன். வேற ஒண்ணும் பண்ணலங்க” என்றாள்.

கேஸ் தோம்பிலிருந்து அடுப்புக்கு வரும் ரப்பர் குழாய் கசிந்திருக்கிறது. குளியலறைக்குள் இருந்த எனக்கே லேசாக வாடை அடித்தது. சாக்கடை நாற்றம் என்று விட்டுவிட்டேன். அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றவளுக்கு எதுவுமே தெரியவில்லை. கோவிட் வந்து போனபோது அவள் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. மற்றவர்களுக்கு ஒரு மாதம், இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. இவளுக்கு ஒரு வருஷம் தாண்டியும் வரவில்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவில் கிள்ளான் துறைமுகப் பக்கம், கடல் சேற்றை மேடாக்கிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மனைவி காலையில் சாலையோரம் நாசி லெமாக் கடை போடுவாள், தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும். அவள் சம்பலுக்காக லோரிக்காரர்கள் வழியை மாற்றிக்கொண்டு வருவார்கள். எண்ணெய் பிரியும் நேரத்தை அவள் கண்ணால் பார்ப்பதில்லை, மூக்கால் பிடிப்பாள். மூக்கு போன பிறகு ஒருநாள் அடிப்பிடித்த சம்பலைத் தெரியாமல் கட்டிக் கொடுத்துவிட்டாள். ஒரு லோரிக்காரன் பொட்டலத்தைப் பிரித்தபடியே அவள் மேசையில் விட்டெறிந்துவிட்டுப் போனான். சம்பல் தெறித்து அவள் கழுத்தில் வழிந்தது. அவள் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குக் கட்டினாள். இதை வேறொருவர் மூலம்தான் கேள்விப்பட்டேன், அவள் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் அந்த லோரியைத் தேடிப் போவேன் என்று அவளுக்குத் தெரியும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து பார்க்கிறவன். படிவம் இரண்டில், பதினாலு வயதில், ஓர் ஆசிரியர் பிரம்பை ஓங்கியபோது, அது என்மேல் விழுவதற்குள் நாற்காலியைத் தூக்கி அவர் தோளில் அடித்துவிட்டேன். அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அவர் என்னை அடிக்க ஓங்கினாரா, கரும்பலகையைக் காட்ட ஓங்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பயம் வந்தால் என் கை எனக்கு முன்னால் போய்விடுகிறது. அதனால் என் கையைப் பற்றியும் எனக்குப் பயம்.

மருத்துவமனையில் வெந்த கைக்குக் கட்டுப் போட்ட தாதி ஒரு தமிழ்ப்பெண். மூக்கு விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு தாளில் நான்கு பொருள்களை எழுதிக் கொடுத்தாள். எலுமிச்சம்பழம், கிராம்பு, யூகலிப்டஸ் தைலம், ரோஜா. காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்து, அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டே இழுக்க வேண்டும். மாதக்கணக்கில் செய்ய வேண்டும். வரலாம், வராமலும் போகலாம்.

“வரலன்னா?” என்று கேட்டேன்.

“வரலன்னா கேஸ் அடுப்புக்கிட்ட அக்காவ தனியா விடாதீங்க அங்கிள்.”

அடுப்புக்கிட்ட விடாதே என்றால் கடையை மூடு என்று அர்த்தம். வீட்டுக்குள் வந்ததும் மனைவி கட்டுப் போடாத கையால் சம்பல் சட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துத் தேய்த்து அடியில் வெள்ளி தெரிந்தது. கை ஆறியதும் மறுபடி கடை போட்டாள், அடுப்பை மட்டும் தினமும் நான் பற்றவைத்துக் கொடுத்தேன்.

முதல் மூன்றும் எளிதாகக் கிடைத்தன. ரோஜாதான் சிக்கல். லிட்டில் இந்தியாவில் பூக்கடையில் வாங்கிய மலைநாட்டு ரோஜாவை நானே மோந்து பார்த்தேன். பார்க்கத்தான் ரோஜா, வாசனையே கிடையாது. மருந்துக்கடையில் ரோஜா எண்ணெய் வாங்கி வந்தேன். அவள் பாட்டிலைத் தள்ளிவிட்டாள்.

“இதுல என்ன ஊத்தியிருக்கான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? தண்ணிய அடைச்சிக் குடுத்தாலும் நான் மோந்துகிட்டுதான் இருப்பேன். பூவுன்னா கண்ணாலயாவது பாக்கலாம்.”

அப்படித்தான் நான் சுங்கை பூலோ நர்சரிகளுக்குப் போனேன். ஒரு சீனப் பெரியவர் அடர்சிவப்பில் ஒரு செடியைக் காட்டினார். ஹைப்ரிட் டீ வகை ஒட்டுச்செடி. ஒரு நீண்ட தண்டு, அதன் நுனியில் ஒரே ஒரு பூ. குனிந்து மூக்கை வைத்தேன். சட்டென்று கண்ணில் நீர் வந்துவிட்டது, அப்படி ஒரு வாசனை. எங்கே வைக்கப் போகிறாய் என்று மலாயில் கேட்டார். துறைமுகம் பக்கம் என்றேன். அவர் சிரித்து, “லாவுட்? மாத்தி லா, பாஸ்” என்றார். கடலோரம் என்றால் செத்துப்போகுமாம்.

செத்துத்தான் போனது. முதல் செடியைத் தரையில் வைத்தேன். அமாவாசையை ஒட்டிக் கடல் ஏறியபோது உப்புத்தண்ணீர் சாக்கடை வழியாகப் பின்னோக்கி வந்து முற்றத்தில் கணுக்கால் அளவு நின்றது. மூன்று நாளில் இலைகளின் ஓரம் நெருப்பு வைத்த மாதிரி கருகி, நான்காம் நாள் செடி குச்சியாக நின்றது. இரண்டாவதைச் சட்டியில் வைத்து மதில்மேல் ஏற்றினேன். தண்ணீரிலிருந்து தப்பியது. கடல்காற்று கொன்றது. காற்று கொண்டுவந்த உப்பு இலையில் படிந்து தளிரையெல்லாம் சுட்டுவிட்டது.

மூன்றாவதற்கு நீலப் பிளாஸ்டிக் பீப்பாயைப் பாதியாக அறுத்தேன். சிமெண்டுக் கல் அடுக்கி இடுப்பு உயரத்தில் ஏற்றினேன். சுட்ட மண், தேங்காய் நார்த்தூள், உமிக்கரி, ஆட்டுப் புழுக்கை. கடல் பக்கம் ஒரு தகரத்தைத் தடுப்பாக நட்டேன். தினமும் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவினேன். சாயங்காலம் கழுவக்கூடாது. இரவெல்லாம் இலையில் ஈரம் நின்றால் கரும்புள்ளி விழும். குழாயில் தண்ணீர் வராத நாட்களில், குளிக்கப் பிடித்து வைத்த வாளியைச் செடிக்கு ஊற்றிவிட்டு நான் வேர்வையோடு வேலைக்குப் போனேன்.

ரோஜா வளர்ப்பதை ஆட்கள் அமைதியான பொழுதுபோக்கு என்று சொல்கிறார்கள். அவர்கள் பிளாஸ்டிக் ரோஜாவை வளர்த்திருப்பார்கள். நான் காலையில் எழுந்ததும் இலைப்பேன்களை விரல்நுனியால் நசுக்கிக் கொன்றேன். கவாத்து என்றால் நன்றாக இருக்கும் கிளையை வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டுவது. வெட்டும்போது கை நடுங்கினால் தண்டு நசுங்கும், நசுங்கிய இடத்தில் அழுகல் இறங்கும். ஒரு தண்டில் மூன்று மொட்டு வந்தால் இரண்டைக் கிள்ளி எறிய வேண்டும். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடி தளிர் விட்டால் அதைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மேலே இருக்கும் செடியைத் தின்றுவிடும். என் முன்கை முழுக்க முள் கிழித்த கோடுகள். வேலையிடத்தில், “வீட்டுல பூனை வளக்குறியா, பொண்டாட்டி வளக்குறியா?” என்று கேட்டார்கள்.

முதல் பூ விரிந்த சாயங்காலம் மனைவி அதன் முன்னால் போய் நின்றாள். வாசல் கதவுவரை எனக்கு வாசனை வந்தது. அவள் மூக்கை இதழ்களுக்குள் புதைத்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். கண்ணில் வழிந்தது வெங்காயத்தாலா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையும் போனாள், சாயங்காலமும் போனாள். அதன்பின் ஒருநாள்கூட விடவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு பூ காணாமல் போனது. தண்டு சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. அடுத்த செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. செவ்வாய், வெள்ளி என்றதும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளப் பயம். ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போக மோட்டாரை வெளியே தள்ளும்போது நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன். ஒரு கையில் பிளாஸ்டிக் பை, அதில் நந்தியாவட்டையும் அரளியும். இன்னொரு கையில் என் ரோஜா.

எங்கள் வரிசையில் சாமிக்குப் பூப் பறிப்பதை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது எல்லாருடைய பூ. நானும் சின்ன வயதில் அப்படிப் பை நிறையப் பறித்தவன்தான்.

“தம்பி, வேலைக்கா?” என்றார்.

“ஆமாண்ணே.”

“ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். முருகனுக்கு. மனசுல வச்சிக்கலையே?”

“இல்லண்ணே. சாமிக்குத்தானே, எடுங்க.”

அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டியும் தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். மனைவி இறந்துவிட்டார். மகள் செமினியில் குடும்பத்தோடு இருக்கிறாள். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி அவரது இடது காலைப் பிடித்துவிட்டது. ஒரு விரலை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். மீதிக் கால் நிலைக்க வேண்டும் என்று அவர் நேர்ந்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் வீட்டு முருகன் படத்துக்கு வாசனையுள்ள சிவப்புப் பூ வைப்பது, தைப்பூசத்துக்குப் பக்கத்துக் கோயிலில் பால்குடம் எடுப்பது. வாசனையுள்ள சிவப்புப் பூ எங்கள் வரிசையில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். “நீங்களே எடுங்கன்னு சொல்லிட்டு வந்து நிக்கிறீங்களா?” என்றாள். “உங்க வாயில என்ன, சிமெண்டா பூசியிருக்கு?”

“பெரியவரு. கால் வேற அப்படி இருக்கு.”

“நேத்து சாயங்காலம் நான் மூக்க வச்சி மோந்த பூவுங்க அது.”

மோந்த பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூ கட்டும்போது மூச்சுக்கூடப் படாமல் கட்டுகிறவர்கள் நாங்கள். இவள் மூக்கை உள்ளே புதைத்து, மூச்சு விட்டு, உதடு பட மோந்தது அங்கே வேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

“சொல்லிடாத” என்றேன்.

“ஏன்?”

“இதுவரைக்கும் வச்சதெல்லாம் என்னாகும்?”

அதுதான் நான் செய்த தவறு. அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் நான்கு வார்த்தை திட்டியிருப்பார், ஒரு பரிகாரம் செய்திருப்பார், முடிந்திருக்கும். நான் அதற்குப் பதிலாக வேலியோரம் செம்பருத்தி நட்டு, “அண்ணே, இதுவும் சிவப்புதான்” என்று காட்டினேன். “செம்பருத்தி எவன் வேணாலும் வைப்பான் தம்பி” என்றார். பூக்கப் போகும் நாளைக் கணக்கிட்டு, ஒரு பூவை மட்டும் மோக்காமல் விடு என்று மனைவியிடம் கெஞ்சினேன். விட்டாள். அவர் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் நன்றாக விரிந்திருந்ததை வெட்டிக்கொண்டு போனார். ஐந்து மாதம் இப்படி ஓடியது.

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவருடைய இரண்டாவது விரலையும் எடுத்தார்கள். மருத்துவமனையிலிருந்து வந்து, கட்டுப் போட்ட காலை மதிலில் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“நான் என்ன தம்பி கொறை வச்சேன்? ஒரு நாள் தவறுனதுண்டா?”

“இல்லண்ணே.”

“பின்ன ஏன்?”

அந்த வாரம் வேலையிடத்தில் ஒரு அடுக்குச் சரக்கை இறக்கும்போது எதிரில் நின்றவர் காலை நான் பார்க்கவில்லை. மனம் அண்ணன் விரல்களில் இருந்தது. நின்றவர் கத்தினார், நான் நிறுத்தினேன், மரப்பலகை அவர் பூட்ஸ் நுனியைக் கடித்து நின்றது. ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, ஹெல்மெட்டால் என் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். கொடுத்தது குறைவு என்றே எனக்குத் தோன்றியது.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை. எனக்கு விடுமுறை. செடியில் மூன்று பூக்கள் ஒரே நேரத்தில் விரிந்திருந்தன. நான் கவாத்துக் கத்தரியோடு காய்ந்த குச்சிகளை வெட்டிக்கொண்டிருந்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டு நடுப்பூவுக்குள் மூக்கை வைத்திருந்தாள். அண்ணன் விரதத்தில் இருந்தார். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி, காலில் கட்டு, கட்டுக்குமேல் தண்ணீர் படாமலிருக்கப் பிளாஸ்டிக் பை சுற்றி இறுக்கியிருந்தார். பால்குடத்துக்குப் பூக் கேட்க வெளிச்சத்திலேயே வந்துவிட்டார். சாம்பிராணியும் தைலமும் கலந்து அவருக்கு முன்னால் வந்தன.

“என்னம்மா பண்ற?”

மனைவி கண்ணைத் திறந்தாள். “மோந்து பாக்குறேண்ணே.”

“சாமிக்கு வைக்கிற பூவ மோக்கலாமா தங்கச்சி?”

“சாமிக்கு வைக்கிறது நீங்க. நாங்க வளக்குறது என் மூக்குக்கு.”

“எப்பயாவது மோப்பியா, தினமுமா?”

“காலையும் சாயங்காலமும். தாதி சொல்லிச்சு.”

அவர் அந்த மூன்று பூக்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா தம்பி?”

பொய் சொல்லியிருக்கலாம். நான் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நொண்டியபடி தன் வீட்டுக்குள் போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் பாராங் இருந்தது, தேங்காய் வெட்டும் பெரிய கத்தி. முதல் வெட்டு பீப்பாயில் விழுந்தது. நீலப் பிளாஸ்டிக் வாய் பிளந்து மண் கொட்டியது. இரண்டாவது வெட்டில் செடி அடியோடு சாய்ந்தது. விழுந்த பூக்களைக் குதிகாலால் நசுக்கினார். “எச்சிலு. எச்சிலு. எம் முருகனுக்கு எச்சில வைக்க விட்டுட்டீங்களேடா” என்று சொல்லிச் சொல்லி நசுக்கினார். மனைவி தண்டைக் காப்பாற்றக் குனிந்தாள். பாராங் மறுபடி மேலே போனது.

அது செடிமேல் போனதா, அவள் கழுத்துமேல் போனதா என்று எனக்குத் தெரியாது. இதையும் இன்றுவரை தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். கத்தரி என் கைக்குள் இருந்தது. அதோடு சேர்த்து அவர் வாயில் குத்தினேன். பல் உடைந்த சத்தம் என் விரல்வழியாகவே கேட்டது. அவர் பாராங்கின் பிடியால் என் மூக்கில் அடித்தார். கண் இருட்டி, வாய் முழுக்க உப்பு. இரண்டு பேரும் கொட்டிய மண்ணில் விழுந்தோம். பாராங் எங்கேயோ தெறித்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நொண்டிக்கால் பெரியவர், விரதமிருந்தவர், கையில் ஆயுதம் இல்லாதவர், அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் அடித்தேன். நான்கோ ஐந்தோ. ஒவ்வொரு அடியிலும் எனக்குப் பயம் கூடியது, பயம் கூடக் கூட அடித்தேன். அவர் என் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்தார். கண் பிதுங்கியது.

மனைவி என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். கொத்தாகக் கையோடு வந்தது. எதிர்வீட்டு லோரி அங்கிள் பின்னாலிருந்து என்னை அணைத்துத் தூக்கினார்.

“பாஸ், போதும் லா. செத்துடுவாரு. செத்தா நீ உள்ள, அவரு மேல. எதுக்கு, ரெண்டு பூவுக்கா?”

“மூணு” என்று தரையிலிருந்து அண்ணன் சொன்னார். வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் துண்டு விழுந்தது.

அவர் எழ முயன்றார், முடியவில்லை. இடது கால் கேட்கவில்லை. பிளாஸ்டிக் பை கிழிந்து கட்டு பாதி அவிழ்ந்திருந்தது. மனைவி அவரைத் தூக்கிவிட முட்டிபோட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் நீட்டிய கையை நிறுத்தினாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“என்னமோ நாறுது” என்றாள்.

“சாக்கடைம்மா” என்றார் லோரி அங்கிள்.

“சாக்கடையெல்லாம் எனக்குத் தெரியாது. ரெண்டு வருசமா எனக்கு ஒண்ணுமே தெரியாது. இது நாறுது.”

அவள் குனிந்து மண்ணை மோந்தாள், நசுங்கிய பூவை மோந்தாள், தலையை ஆட்டினாள். பிறகு அவர் கட்டுக்கு அருகே மூக்கைக் கொண்டுபோனாள். சட்டென்று பின்னால் விழுந்து புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணே. உங்க காலு.”

“கால்ல மருந்து போட்டுருக்கேன்.”

“மருந்து இல்லண்ணே. அழுகியிருக்கு.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை, என் மூக்கு ரத்தத்தில் அடைத்திருந்தது. லோரி அங்கிள், சாம்பிராணி வாசனைதானே என்றார். மீதிக் கட்டைத் தூக்கியதும் அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே பாதம் பச்சையும் கறுப்புமாக இருந்தது. அவருக்கு வலியே இல்லை. அந்தக் காலில் உணர்ச்சி போய் ரொம்ப நாளாகியிருந்தது. விரதத்தில் கட்டு மாற்றப் போகாமல், தைலத்தை ஊற்றிப் பிளாஸ்டிக்கைச் சுற்றி ஒரு வாரத்தை ஓட்டியிருக்கிறார்.

அங்கிளின் லோரியில்தான் கொண்டுபோனோம். நானும் அவரும் முன்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில், ஆளுக்கொரு துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு. வழியில் அவர் ஒரே ஒரு தடவை பேசினார். “பால்குடம் போச்சு” என்றார்.

முன்பாதத்தை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலோ, ஆளோ போயிருக்கும் என்று டாக்டர் அண்ணனின் மகளிடம் சொன்னாராம். மகள் செமினியிலிருந்து வந்து மருத்துவமனை வராந்தாவில் என்னைப் பார்த்ததும், “எங்கப்பாவ அடிச்ச கை இதானா?” என்று என் கையைப் பிடித்து முறுக்கினாள். முறுக்கவிட்டேன். போலீசுக்குப் போகிறேன் என்றாள். அவர்தான் தடுத்தார். “சாமி விசயத்துக்குள்ள போலீசுக்கு என்ன வேலை” என்றாராம்.

செடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெட்டு ஒட்டுக்குக் கீழே விழுந்திருந்தது. மூன்று வாரத்தில் தளிர் விட்டது. இலையைப் பார்த்ததுமே தெரிந்தது, அது வேர்ச்செடியின் காட்டுத்தளிர். பிடுங்கி, வேரை மண்வெட்டியால் கொத்திக் குப்பையில் போட்டேன்.

மனைவிக்கு மூக்கு வந்துவிட்டது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன். வந்தது மூக்கு இல்லை, ஏதோ ஒரு பிசாசு. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே அழுகல் நாற்றம் அடித்தது. காப்பி, எலுமிச்சை, சோப்பு, என் உடம்பு. “உங்க பக்கத்துல படுக்க முடியலங்க, கோச்சிக்காதீங்க” என்று பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். சம்பல் கிண்டும்போது ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். ஒருநாள் கொதிக்கும் சம்பலைச் சட்டியோடு சுவரில் அடித்தாள். சிவப்பு சுவரில் வழிந்தது. அவள் கரண்டியால் அந்தச் சுவரைத் திரும்பத் திரும்ப அடித்தாள், சுண்ணாம்பு பெயரும்வரை. கடையை மூடினோம். தாதியைக் கேட்டபோது, சிலருக்கு இப்படித்தான் தப்பும் தவறுமாகத் திரும்பும், பிறகு சரியாகும், சரியாகாமலும் போகும் என்றாள். எனக்கு ஒரு சந்தேகம் அரிக்க ஆரம்பித்தது. அன்றைக்கு இவள் உண்மையில் அந்தக் காலைத்தான் மோந்தாளா, இல்லை இந்தப் பொய்நாற்றம் அந்த நிமிஷத்தில் தொடங்கி, கால் அழுகியிருந்தது தற்செயலா? இதை அவளிடம் கேட்கவில்லை. அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

ஒரு மாதத்துக்கும் மேலாக அவர் மருத்துவமனையில் இருந்தார். என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி மகளிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். எனக்குப் போகப் பயம். அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள்.

கட்டிலில் பாதி ஆளாகியிருந்தார். தோள் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார், முன்பல் இரண்டு இல்லை.

“வாங்க வாங்க. பயந்தாங்கொள்ளியும் வந்திருக்கான். கை மட்டும்தான்டா உனக்கு வளந்திருக்கு.”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“அத அப்புறம் பாத்துக்கலாம். நான் உன்ன கூப்பிடல.” மனைவி பக்கம் திரும்பினார். போர்வையை விலக்கிக் கட்டுப் போட்ட காலைக் காட்டினார். “தங்கச்சி, இத மோந்து பாத்து சொல்லு.”

“டாக்டருங்க பாக்குறாங்களேண்ணே.”

“பாக்குறாங்க. அமுக்குறாங்க. படம் புடிக்கிறாங்க. நல்லாருக்குன்னு சொல்றாங்க. போன தடவையும் அப்படித்தான் சொல்லி அனுப்புனாங்க. எனக்கு அந்தக் கால்ல ஒண்ணும் தெரியாது. நீ பாரு.”

“எனக்கு இப்ப எல்லாமே நாறுதுண்ணே. சோறுகூட நாறுது. நான் சொல்றது சரியா இருக்காது.”

“தப்பா இருந்தா இருக்கட்டும். மோந்து பாரு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுகல் என்று சொல்லி, அது நிஜமென்றால் அவருக்கு இன்னொரு வெட்டு, இல்லையென்றால் அவள் மூக்கு பொய். நல்லாயிருக்கிறது என்று சும்மா சொல்லிவிட்டு வந்துவிடு என்று கண்ணால் சொன்னேன். அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, கண்ணை மூடி, செடிக்கு முன்னால் குனிகிற மாதிரியே குனிந்து, கட்டுக்குமேல் மூக்கை வைத்து இழுத்தாள்.

“என்ன?” என்றார் அவர்.

அவள் மறுபடி இழுத்தாள்.

“சொல்லு தங்கச்சி.”

“மருந்து” என்றாள்.

“மருந்துன்னா?”

“மருந்துதாண்ணே. தரை தொடைக்கிற தண்ணி இருக்கே, அந்த மாதிரி. மூக்குல சுருக்குன்னு ஏறுது.”

“நாறல?”

“நாறல.”

அவர் தலையணையில் தலையைச் சாய்த்து, உடைந்த வாயைத் திறந்து மூச்சு விட்டார். கண் ஓரத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று நான் அவள் தோளைத் தொட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு மறுபடி குனிந்தாள். யாரும் கேட்கவில்லை. அத்தனை நாளில் நாறாமல் அவளுக்கு வந்த முதல் வாசனை அது. கட்டின் நுனியிலிருந்து கணுக்கால்வரை மெதுவாக, இடம் இடமாக மோந்தாள். மருந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்த மலாய்த் தாதி, அக்கா அங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்கும்வரை அவள் நிமிரவில்லை.